சத்தம் போக்குகிறவள் வீட்டுக் கதவு

உள்ளறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. "க்ரீ...ஈ..." பாதியில் நின்றது. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதுபோல் ஒரு கணம் அமைதி. பிறகு மெதுவாக, மிச்சமிருந்த "...ஈச்."

கூடத்துத் தரையில் உட்கார்ந்து கருவிப் பையை அடுக்கிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கவில்லை.

"அம்மா, பீரோ. இடது பக்கக் கதவு. அப்பா பிஸ்கட் எடுக்கறாரு."

சமையலறையிலிருந்து பதில் பறந்து வந்தது. "எனக்கும் காது இருக்கு. ஏங்க! புடவைக்குப் பின்னாடி கையை விடாதீங்க. எடுத்ததை எடுத்த இடத்துல வைங்க!"

"நான் கைக்குட்டை தேடறேன்," என்றது அப்பாவின் குரல். வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசும் குரல் அது.

"கைக்குட்டையை நல்லா மென்னு முழுங்குங்கப்பா. தொண்டையில சிக்கிக்கப் போகுது," என்றான் சோபாவில் படுத்திருந்த அண்ணன்.

அந்த வீட்டில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. வாசல் கதவு முனகும், சமையலறைக் கதவு இருமும், பீரோ கிறீச்சிடும், சோபாவின் வலது மூலை உட்கார்ந்தவரின் எடையை ஊருக்கே அறிவிக்கும். எல்லாவற்றுக்கும் தலைவி குளியலறைக் கதவு. அது திறந்தால் எதிர்வீட்டுக்காரி தன் குக்கரைத்தான் அணைக்க மறந்துவிட்டோம் என்று எழுந்து ஓடுவாள்.

இதிலென்ன வேடிக்கை என்றால், அந்த வீட்டு மகளுக்கு வயிற்றுப்பாடே சத்தத்தைப் போக்குவதுதான். அழுகிற கதவு, புலம்புகிற கட்டில், அடித்துக்கொள்ளும் ஜன்னல், 'டக் டக்' என்று நெஞ்சில் தட்டும் மின்விசிறி, இதில் எது இருந்தாலும் கூப்பிட்டால் ஸ்கூட்டரில் வந்து இறங்குவாள். பழைய ஸ்டெதஸ்கோப் ஒன்றைக் காதில் மாட்டிக்கொண்டு கட்டிலின் காலிலும் கதவின் கீல் மூட்டிலும் வைத்துக் கேட்பாள். எந்த ஆணி பொய் சொல்கிறது, எந்தத் திருகு நிஜமாகவே துன்பப்படுகிறது என்று கண்டுபிடித்துவிடுவாள். தெருவில் அவளுக்கு 'கதவு டாக்டர்' என்று பெயர். வீட்டில் மட்டும் 'முதலாளி'. அந்தப் பெயரை வைத்தது அண்ணன். மரியாதைக்காக வைக்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அவள் முதலாளியானது பன்னிரண்டாவது வயதில். அந்த வருடம் மழை கொட்டியது. பேருந்து நிறுத்தத்தில் நனைந்து நின்றவர்களைப் பார்த்து அந்தப் பிஞ்சு நெஞ்சம் உருகியது. கூடவே கணக்கும் போட்டது. வீட்டிலிருந்த நான்கு குடைகளை வாடகைக்கு விட்டால் என்ன? குடும்பம் கைகொடுத்தது. அம்மா தன் பூப்போட்ட குடையைக் கொடுத்தாள். அண்ணன் அழுதுகொண்டே கொடுத்தான். அப்பா தன் மரக்கைப்பிடிக் குடையை, பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவர்போல் இரண்டு முறை தடவிக் கொடுத்தார். நான்கு குடைகளும் நான்கு திசையில் போயின. எந்தத் திசையிலிருந்தும் ஒன்றுகூடத் திரும்பவில்லை. வாடகைக்கு எடுத்தவரின் முகவரியைக் கேட்க வேண்டும் என்ற வியாபார ஞானம் குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லை. அந்த மழைக்காலம் முழுக்க அப்பா தலையில் பாலிதீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு வேலைக்குப் போனார். அலுவலகத்தில் 'பாலிதீன்' என்று அவருக்கு விழுந்த பெயர் ஓய்வுபெறும் நாளில் மாலை போடும்போதுகூடக் கழலவில்லை.

படிப்பு முடிந்ததும் மெழுகுவர்த்தி. கடையில் வாங்கிய மெழுகை அம்மாவின் பெரிய குக்கரில் உருக்கி, பைப் துண்டுகளில் ஊற்றி, முந்நூறு மெழுகுவர்த்திகள். அழகான வெள்ளை, நல்ல வழவழப்பு. குடும்பம் மறுபடியும் கைகொடுத்தது. திரி வெட்டும் வேலையை அம்மா ஏற்றுக்கொண்டாள். திரி வாங்கிய விலை அவளுக்குத் தெரியும். இத்தனை நீளம் எதற்கு, வீண்தானே என்று எல்லாத் திரியையும் பாதியாக வெட்டி வைத்தாள். அந்த மெழுகுவர்த்திகள் பாதி வரைக்கும் குறையில்லாமல் எரிந்தன. அதற்கப்புறம் துக்கம் விசாரிக்க வந்தவர்கள்போல் பேச்சற்று உட்கார்ந்துவிட்டன. முந்நூறில் இருநூற்று எண்பது திரும்பி வந்தது.

"பாதி இருட்டுக்கு வாங்கினவங்க சந்தோஷமாத்தான் இருப்பாங்க," என்று அண்ணன் தேற்றினான். அவன் டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். நாள் முழுக்க அடுத்தவர் ஓட்டும் வண்டிக்குப் பிரேக் போட்டுப் பழகியதால், எதிரே யார் கனவு கண்டாலும் அவன் கால் தானாகப் பிரேக்கைத் தேடும்.

மூன்றாவது, செடி பராமரிப்பு. வெளியூர் போகிறவர்கள் தங்கள் தொட்டிச் செடிகளை இவளிடம் விட்டுப் போகலாம். முப்பத்தொரு தொட்டிகள் வந்து மாடியை நிறைத்தன. ஒவ்வொன்றிலும் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் என்று சீட்டு ஒட்டியிருந்தாள். மூன்று நாள் அவளுக்குக் காய்ச்சல். அப்போதுதான் ஓய்வு பெற்று, பாசத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமலிருந்த அப்பா, பொறுப்பை ஏற்றுக்கொண்டார். சீட்டைப் படிக்கக் கண்ணாடி தேட வேண்டும். பாசத்துக்குக் கண்ணாடி வேண்டாம். காலை ஒரு வாளி, மாலை ஒரு வாளி. வெயிலையும் வறட்சியையும் வென்று வாழ்ந்த கள்ளிச் செடிகள் அந்த அன்பைத் தாங்க முடியாமல் அழுகிச் செத்தன. செடிக்காரர்கள் வாசலில் நின்று அழுதார்கள். ஒரு அம்மாள், தன் கணவர் போனபோதுகூட இப்படி அழவில்லை என்று கணவரை அருகில் வைத்துக்கொண்டே சொன்னாள். அவர் போனது வேலை மாற்றலில்தானாம்.

அன்று மதியம் மகள் கட்டிலில் விழுந்து தலையணை நனைய அழுதாள். அவள் ஒவ்வொரு விம்மலுக்கும் தலைக்கு மேல் மின்விசிறி 'டக்' என்று தாளம் போட்டது. அழுகையைக்கூட நிம்மதியாக அழ விடாத அந்தச் சத்தத்தின் மேல்தான் அவளுக்கு முதலில் கோபம் வந்தது. நாற்காலியைப் போட்டு ஏறினாள். கழற்றினாள், துடைத்தாள், முறுக்கினாள். சத்தம் நின்றது. கண்ணீரும் நின்றது. கட்டிலுக்கு அடியிலிருந்த மெழுகுவர்த்திப் பெட்டி கண்ணில் பட்டது. ஒன்றை எடுத்து, சிக்கிக்கொள்ளும் மேசை இழுப்பறையின் ஓரத்தில் தேய்த்துப் பார்த்தாள். இழுப்பறை வெண்ணெயாக வழுக்கியது. எரிய மறுத்த இருநூற்று எண்பது மெழுகுவர்த்திகளுக்கும் அன்றைக்குத்தான் வாழ்வு வந்தது.

இரண்டு வருடத்தில் அவள் ஒரு வைத்திய நூலே வைத்திருந்தாள். மர இழுப்பறைக்கு மெழுகு. பூட்டுக்குப் பென்சில் தூள். நாற்காலிக் காலுக்குக் கம்பளித் துண்டு. கதவு மூட்டுக்கு மெஷின் ஆயில், ஒரே ஒரு சொட்டு. "சமையல் எண்ணெய் மட்டும் ஊத்திடாதீங்க. ஒரு வாரம் வாயை மூடிக்கிட்டு இருக்கும். அப்புறம் தூசி ஒட்டி, பசையாகி, முன்னைவிடக் கேவலமாக் கத்தும்." போகிற வீடெல்லாம் இதைத் தலையில் அடித்துக்கொண்டு சொல்லுவாள்.

ஆனால் தன் வீட்டுக் கதவுகள் மேல் அவள் கை வைக்க முடியாது. அம்மாவின் தடை. அதற்கொரு காரணம் இருந்தது.

போன வருடம் ஒரு காலையில் அப்பா குளியலறைக்குள் போனார். கதவு ஒருமுறை கத்தியது. அம்மா அடுப்படியில் இருந்தாள். அவள் காது எதையும் எண்ணுவதாக அவளுக்கே தெரியாது, ஆனால் எண்ணிக்கொண்டிருந்தது. உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று. இரண்டாவது வரவில்லை. கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். அண்ணன் தோளால் இடித்துத் தாழ்ப்பாளை உடைத்தான். உள்ளே அப்பா வழுக்கி விழுந்து, தலையில் ரத்தத்தோடு, நினைவில்லாமல் கிடந்தார். இன்னும் அரை மணி நேரம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் மருத்துவர். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று அம்மா மகளைப் பார்த்து விரலை நீட்டினாள்.

"இந்த வீட்டுல ஒரு கதவைத் தொட்ட, கையை ஒடிச்சிடுவேன்."

அன்றிலிருந்து அம்மாவுக்கு அந்தக் கிறீச்சொலிதான் மாங்கல்யம்.

இப்போது, அப்பா பிஸ்கட் எடுத்த காலைக்கு வருவோம். அன்று பத்தரை மணிக்கு ஒருவர் வருவதாக இருந்தது. நூற்றெண்பது வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். அங்கே மாதாந்தரக் கூட்டத்தில் பாதி நேரம் மேல்வீட்டு நாற்காலி இழுபடும் சத்தத்தைப் பற்றியே போகிறதாம். போன கூட்டத்தில் அடித்துக்கொள்ள நாற்காலியையே தூக்கிவிட்டார்களாம். அத்தனை வீட்டையும் வருட ஒப்பந்தமாகக் கவனிக்க ஆள் தேடினார். இவளைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தொலைபேசியில் பேசினார்.

"முதல்ல உங்க வீட்டைப் பார்க்கணும். தன் வீட்டை ஒழுங்கா வச்சிருக்கறவங்களுக்குத்தான் நான் வேலை குடுப்பேன்."

ஒப்பந்தம் கிடைத்தால் அவள் தொழில் நிலைக்கும். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை காலை மாமாவின் டைல்ஸ் கடை. அப்படித்தான் பேச்சு. அம்மாவின் தம்பியான அந்த மாமா, பரந்த மனதோடு அவளுக்கு ஒரு நாற்காலியை ஒதுக்கியிருந்தார். "குளியலறை டைல்ஸ் பக்கமா, குளுகுளுன்னு இருக்கும். உக்காந்துக்கிட்டே இருக்கலாம், வேலையே இல்ல," என்று சொல்லியிருந்தார். வேலையே இல்லாத அந்த வேலையை நினைத்து அவள் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"காரணத்தை நானே அவர்கிட்ட சொல்லிக்கறேன்மா," என்றாள் அன்று காலை, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. அவசரமாக ஒரு வீட்டில் கட்டில் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். "எங்கப்பாவுக்காக விட்டு வச்சிருக்கோம்னு சொன்னா புரிஞ்சுப்பாரு."

"எது, அந்தக் குளியலறைக் கதவு கத்தறதைக் கேட்டுட்டு, 'ஆகா, என்ன பாசமான குடும்பம்'னு கையெழுத்துப் போடுவாரா?" என்றான் அண்ணன். "அந்த மனுஷன் படியில இறங்கி ஓடறப்ப விழாம இருந்தா போதும்."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மகள் அதைக் கவனித்திருக்க வேண்டும். அந்த வீட்டில் கதவுகள் கத்தினால் பயமில்லை. அம்மா பேசாமலிருந்தால்தான் பயம்.

பத்து இருபதுக்கு அவள் வண்டியை நிறுத்தும்போது செயலாளரும் வந்து சேர்ந்தார். ஒல்லியான, உயரமான மனிதர். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. கையில் ஒரு குறிப்பேடு. எதைப் பார்த்தாலும் பேனாவால் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கும் பழக்கம். படிக்கட்டுக் கைப்பிடியைத் தட்டினார். சுவரைத் தட்டினார். அவர் முகத்தை மட்டும் யாரும் தட்டிப் பார்த்ததில்லை போலிருந்தது, அத்தனை கெட்டி.

அவள் வாசல் கதவைத் தள்ளினாள்.

கதவு முனகவில்லை.

அவள் வாசற்படியிலேயே நின்றாள். மூக்கு முதலில் கண்டுபிடித்தது, பிறகுதான் மூளை. வீடு முழுக்கச் சமையல் எண்ணெய் வாசனை.

உள்ளே குடும்பம் அணிவகுத்து நின்றது. அம்மா புதுப்புடவையில், கைவிரல் பத்தும் பளபளக்க. அப்பா சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டு, கழுத்துப் பொத்தானில் மூச்சுத் திணறி. அண்ணன் மட்டும் எழுந்திருக்கவில்லை. சோபாவின் வலது மூலையில், முட்டை மேல் அடைகாக்கும் கோழிபோல் அசையாமல் உட்கார்ந்து, கழுத்தை மட்டும் வளைத்து வணக்கம் சொன்னான். சோபாவுக்குள் எண்ணெய் ஊற்ற வழியில்லாததால் அவனையே ஊற்றி வைத்திருந்தார்கள்.

"தம்பிக்கு உடம்பு சரியில்லையா?" என்றார் செயலாளர்.

"முதுகு," என்றான் அண்ணன்.

"கால்," என்றாள் அம்மா, அதே நேரத்தில்.

செயலாளர் இரண்டையும் குறித்துக்கொண்டார். பிறகு வீட்டைச் சுற்றி வந்தார். சமையலறைக் கதவைத் திறந்தார், இருமவில்லை. பீரோவைத் திறந்தார், ஒரு முணுமுணுப்பில்லை. கடைசியாகக் குளியலறைக் கதவு. மகள் கண்ணை மூடிக்கொண்டாள். கதவு திறந்தது, மூடியது. எதிர்வீட்டுக்காரி நிம்மதியாக இருந்தாள்.

மகள் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஜன்னல் வழியாக வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றார் செயலாளர், கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி. அவர் உதட்டோரம் ஒரு நூலளவு விரிந்தது. "இப்படி ஒரு அமைதியான வீட்டை நான் பார்த்ததே இல்ல."

"எல்லாம் பொண்ணோட கைராசி," என்றாள் அம்மா.

"சார், நான் ஒண்ணு சொல்லணும்," என்று மகள் ஆரம்பித்தாள்.

"டீ குடிச்சிட்டுச் சொல்லு, சார் எங்க ஓடிடப் போறாரு," என்று அம்மா அவள் வாயை அடைத்தாள்.

தேநீர் வந்தது. நடுவில் அப்பா, "ஒரு நிமிஷம், இதோ வந்துடறேன்," என்று உள்ளே போனார். செயலாளர் தன் குடியிருப்பின் துயரங்களை விவரிக்கத் தொடங்கினார். மூன்றாவது மாடிக்காரர் அதிகாலையில் கட்டிலை நகர்த்துகிறார். எதற்கென்று கேட்டால் உடற்பயிற்சி என்கிறார். அம்மா தட்டை ஏந்தி நின்றபடி "அடடா," "அப்படியா," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. அவளுடைய "அடடா" மெலிந்துகொண்டே வந்தது.

அவள் வாய்தான் செயலாளரோடு பேசியது. காது வழக்கம்போல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. காலையில் எண்ணெய் ஊற்றிய கைக்குத் தெரியும், கதவு இனிக் கத்தாது என்று. அது காதுக்குத் தெரியவில்லை. பல வருடம் எண்ணிப் பழகிய காது, ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை என்றதும், அவளுக்கு ஒரே ஒரு செய்தியைத்தான் அனுப்பியது.

தட்டு கையிலிருந்து விழுந்தது.

"ஐயோ! அவரு வெளியே வரலையே!"

"யாரு?" என்றார் செயலாளர்.

"என்னங்க! என்னங்க!" அம்மா குளியலறைப் பக்கம் ஓடினாள். பதில் இல்லை. "டேய், உங்கப்பா பேச மாட்டேங்கறாருடா! டேய்!"

அண்ணன் துள்ளி எழுந்தான். அடக்கி வைத்திருந்த சோபா, கசாப்புக் கடை ஆடுபோல் வீறிட்டது. சென்ற வருடத்து அனுபவம் அவன் தோளில் அப்படியே இருந்தது. நான்கு தப்படி பின்னால் போய், "தள்ளும்மா!" என்று கத்தி, முழு வேகத்தில் தோளைக் கொடுத்துக் கதவை இடித்தான்.

கதவு தாழிடப்பட்டிருக்கவில்லை. அது மட்டுமல்ல, அம்மாவின் கைங்கரியத்தால் ஊரிலேயே அதைவிட வழுக்கலான கதவு அன்று இல்லை. அண்ணன் தடையே இல்லாமல் உள்ளே பறந்தான். வாளி உருளும் சத்தம், குவளை உருளும் சத்தம், கடைசியாக அண்ணன் உருளும் சத்தம். நாள் முழுக்க அடுத்தவனுக்குப் பிரேக் போடுகிறவனுக்குத் தனக்கென்று ஒன்று இல்லாமல் போய்விட்டது.

"அப்பா இங்க இல்லம்மா," என்றது தண்ணீருக்குள்ளிருந்து ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். உள்ளறையில், திறந்த பீரோவின் முன்னால், அப்பா நின்றுகொண்டிருந்தார். இரண்டு கன்னமும் புடைத்திருந்தன. பீரோவும் இன்று காட்டிக்கொடுக்காது என்று கண்டுகொண்டவர், வாழ்நாளில் ஒருமுறை வரும் வாய்ப்பை விடவில்லை. முழுப் பாக்கெட். மனைவி 'என்னங்க' என்று அலறியது அவருக்கும் கேட்டது. ஆனால் பதில் சொல்லும் நிலையில் அவர் வாய் இல்லை.

அம்மா அவரைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து, தேம்பலாக மாறியது.

"இருக்காரு... பிஸ்கட் திங்கறாரு... திங்கட்டும்..." என்று புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

செயலாளர் தேநீர்க் குவளையோடு எழுந்து வந்து நடைவழியில் நின்றார். "இங்க என்ன நடக்குது?"

மகள் குளியலறைக் கதவின் அருகே மண்டியிட்டாள். மூட்டை விரலால் தொட்டாள், முகர்ந்தாள்.

"அம்மா. என்ன எண்ணெய்?"

"வீட்டுல இருந்ததுதான்."

"சமையல் எண்ணெயா? ஊர் ஊராப் போய்க் கத்தறேனேம்மா, ஊத்தாதீங்க ஊத்தாதீங்கன்னு! என் வீட்டுலயே, என் அம்மாவே..."

"திட்டிக்கோ," என்றாள் அம்மா, தலைப்புக்குள்ளிருந்து. "சார் முன்னாடி உனக்குத் தலைகுனிவு வரக் கூடாதுன்னுதான்டி ஊத்தினேன். எனக்கென்ன, இனிமே நிமிஷத்துக்கு ஒரு தடவை போய்க் கதவைத் தட்டிப் பார்த்துக்கறேன். நீ அந்த டைல்ஸ் கடையில போய் உக்கார வேணாம்."

மகள் அம்மாவின் பளபளக்கும் விரல்களைப் பார்த்தாள். எதைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்றாளோ, அதைத் தன் கையாலேயே நனைத்திருக்கிறாள். குடை கொடுத்த அதே கை, திரி வெட்டிய அதே கை. எப்போதும்போல முழு மனதோடு, எப்போதும்போல முழுத் தப்பாக.

அவள் எழுந்து செயலாளரின் முன்னால் நின்றாள். போன வருடம் நடந்ததை நான்கே வரியில் சொன்னாள். "இந்த வீட்டுல நீங்க பார்த்த அமைதி எதுவும் என் வேலை இல்ல சார். இது ஒரு வாரம்கூடத் தாங்காது. எனக்கு இப்ப ஒரு வேலை இருக்கு. நீங்க கிளம்பறதா இருந்தா கிளம்பலாம்."

அவர் கிளம்பவில்லை. அவள் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து மண்ணெண்ணெயில் நனைத்து, மூட்டின் எண்ணெயை ஒரு துளி விடாமல் துடைத்தாள். ஆணியை உருவிக் காய்ந்த துணியால் தேய்த்தாள். மறுபடி மாட்டிக் கதவை ஆட்டினாள். 'கிர்ர்' என்றது.

"இது இல்ல," என்றாள் தரையிலிருந்த அம்மா. "இது வேற யாரோ வீட்டுக் கதவு."

ஆணியை இன்னும் கொஞ்சம் இறக்கினாள். 'கீ...ர்ர்.'

"கிட்ட வந்துட்ட. கடைசியில இன்னும் கொஞ்சம் இழுக்கணும்."

ஈரச் சட்டையோடு வெளியே வந்த அண்ணன், கதவின் மேல் விளிம்பைப் பிடித்து அழுத்தினான். "இந்தப் பக்கம் சாய்ஞ்சுதான் இருந்துச்சு முதலாளி. நான் போன வருஷம் இடிச்ச இடிப்புல."

சத்தம் போக்கிப் பிழைக்கிறவள், தன் வாழ்க்கையை முடிவு செய்ய வந்த மனிதரின் முன்னால், ஒரு சத்தத்தை வரவழைக்க வியர்த்துக்கொண்டிருந்தாள். மேல் ஆணியைச் சற்றே வளைத்துச் செருகினாள். கதவைத் தள்ளினாள்.

"க்ரீ...ஈ...ஈச்!"

எதிர்வீட்டில் யாரோ அடுப்படிக்கு ஓடும் காலடி கேட்டது.

"இதுதான்," என்றாள் அம்மா. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

செயலாளர் ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்தார். முகம் அதே கெட்டியில்தான் இருந்தது. ஆனால் பேனாவால் எதையும் தட்டவில்லை.

"எங்க குடியிருப்புல வயசானவங்க நிறைய," என்றார். "எல்லாக் கதவையும் ஒரே நாள்ல அமைதியாக்கிடணும்னு நோட்டீஸே அடிச்சு வச்சிருக்கேன்." குறிப்பேட்டைப் புரட்டினார். "எந்தச் சத்தம் வேணும்னு ஒருத்தரையும் கேக்கல."

"நான் கேட்டுட்டுத்தான் சார் எண்ணெய் பாட்டிலையே திறப்பேன்," என்றாள் மகள். "இந்தக் கதவுக்கு அப்புறம் அப்படித்தான்."

அவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதி, தாளைக் கிழித்து நீட்டினார். "மொத்தமும் இப்பத் தர மாட்டேன். முதல் கட்டடம் மட்டும், முப்பது வீடு, மூணு மாசம். திங்கக்கிழமை காலையில வந்துடுங்க. சரியா இருந்தா மிச்சம் அஞ்சு கட்டடத்தைப் பேசலாம்."

திங்கட்கிழமை. டைல்ஸ் கடையின் குளுகுளு நாற்காலி காலியாகவே இருக்கப்போகிறது. அப்பா கடைசி பிஸ்கட்டை அவசரமாக விழுங்கிவிட்டுக் கைதட்டினார்.

"நாங்களும் கூட வந்து ஒத்தாசை பண்றோம் சார்," என்றாள் அம்மா, கண்கள் ஒளிர. "எண்ணெய் போடறது நான் பார்த்துக்கறேன்."

"இடிக்கற வேலை எதாவது இருந்தா நான்," என்றான் அண்ணன்.

செயலாளர் நீட்டிய தாளைத் திரும்ப வாங்கினார். பேனாவை எடுத்து, கீழே ஒரு வரி சேர்த்து, அடிக்கோடும் போட்டுக் கொடுத்தார். மகள் படித்தாள். 'குடும்பத்தினர் வேலை நடக்கும் இடத்துக்கு வரக் கூடாது.'

"என்ன போட்டிருக்காரு?" என்றார் அப்பா.

"உங்களையெல்லாம் ரொம்ப விசாரிச்சிருக்காருப்பா," என்றாள் அவள்.

செயலாளர் செருப்பை மாட்டிக்கொண்டார். அம்மாவிடம், டீயில் சர்க்கரை அதிகம் என்றார். அப்பாவிடம், அந்த டீயைத் தொடாதீர்கள் என்றார். படியிறங்கினார். மகள் வாசல் கதவைச் சாத்தினாள். அது எண்ணெயில் மிதந்து போய்ச் சத்தமில்லாமல் பொருந்திக்கொண்டது. பின்னால் குடும்பம் இன்னும் விறைப்பாகவே நின்றுகொண்டிருந்தது. அப்பா கழுத்துப் பொத்தானைக்கூடத் தளர்த்தவில்லை.

"அவரு போயிட்டாரா இல்லையாடி?" என்று கிசுகிசுத்தாள் அம்மா. "ஒண்ணுமே கேக்கலையே."

"போயிட்டாரும்மா," என்றாள் மகள், மூடிய கதவில் சாய்ந்துகொண்டு. "ஒரு வாரம் பொறு. இது தானா வாயைத் திறக்கும்."